கொம்பும் கண்ணாடியும் நகையான கதை

தகவல் துளி.

விலை உயர்ந்த கல் இருந்தால்தான் நல்ல நகையா? இல்லை என்று செய்து காட்டியவர் பிரான்ஸ் நாட்டு நகை வடிவமைப்பாளர் ரெனே லலீக். 1860-இல் பிறந்த இவர், வைரம் கோலோச்சிய காலத்தில் விலங்குக் கொம்பையும் கண்ணாடியையும் எனாமலையும் துணிந்து கையில் எடுத்தார்.

1897-98-இல் அவர் செய்த ‘தும்பிப் பெண்’ என்ற மார்பணியைப் பாருங்கள். தும்பியின் வாயிலிருந்து ஒரு பெண் மேலெழுகிறாள். கால் மீட்டருக்கும் சற்று அதிகமாக விரியும் இறக்கைகள். தங்கக் கம்பிச் சட்டங்களுக்கு நடுவே, பின்தகடு இல்லாமல் எனாமல் நிரப்பியிருப்பதால், உண்மையான தும்பிச் சிறகைப் போலவே ஒளி ஊடுருவிச் செல்லும். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சி லலீக்கின் புகழை உச்சிக்குக் கொண்டுபோனது. இந்த நகை இன்று லிஸ்பன் நகரின் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நகை வடிவமைக்கக் கற்பவர்களே, லலீக்கின் தும்பியை அப்படியே நகலெடுக்க வேண்டாம். அவர் பூச்சியையும் பூவையும் உற்றுப் பார்த்த பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்து இலையின் நரம்புகளை இன்றே வரைந்து பாருங்கள். புது வடிவம் அங்கிருந்தே பிறக்கும்.