பழுதின் முதல் அறிதல்

மக்கள் ஆக்கிய பொருள் எதுவாயினும் நாளடைவில் தேய்வுறுதல் இயல்பு. மோட்டார் வண்டியும் இதற்கு விலக்கன்று. புதிய வண்டியில் பெரும்பாலும் ஒரு காலத்தில் ஒரு குறையே தோன்றும். அதனைக் காண்டலும் களைதலும் எளியன. பழைய வண்டியிலோ பல குறைகள் ஒருங்கே தோன்றும். ஒன்றன் அடையாளம் மற்றொன்றனை மறைத்து நிற்கும். ஆதலின், அதனைச் செப்பம் செய்வோர்க்குக் கைத்திறன் மட்டும் போதாது; முறைப்பட ஆராயும் அறிவும் வேண்டும்.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் வண்டியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியைத் தழுவி, மேற்கு வங்காளத்தைச் சார்ந்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950-களின் இறுதி தொடங்கி 2014 வரை அதனைச் செய்துவந்தனர். அதன் பழைய பெட்ரோல் வண்டிகளின் உறுப்புகள் எளிய அமைப்புடையன. கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் ஆராயத்தக்கன.

அத்தகைய வண்டி ஒன்று பட்டறைக்கு வருகிறது எனக் கொள்க. உரிமையாளர் ஐந்து குறைகளைக் கூறுகிறார். காலையில் எஞ்சின் எளிதில் கிளம்புவதில்லை. இரவில் விளக்குகள் மங்குகின்றன. சிறிது தொலைவு ஓடியதும் ரேடியேட்டர் நீர் கொதிக்கிறது. மேட்டில் ஏறுங்கால் வண்டி வலிமை குன்றித் திணறுகிறது. பிரேக்கை அழுத்தினால் வண்டி வலப்புறம் இழுக்கிறது.

இவற்றுள் முதலிற் காணத்தக்கது எது? உரிமையாளர் இறுதியாகக் கூறிய பிரேக்கே ஆகும். கிளம்பாத வண்டி எவர்க்கும் தீங்கு செய்யாது. நில்லாத வண்டியோ உயிரைக் கவரும். வண்டி வலப்புறம் இழுப்பின், இடப்புற முன்சக்கரம் நன்கு பிடிக்கவில்லை என்று ஐயுறுதல் வேண்டும். அச்சக்கரத்தின் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து, ஆயில் கசிந்து, லைனிங் நனைந்திருத்தல் புலனாகும். ரப்பரை மாற்றிய பின், லைனிங்கை இருபுறமும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். ஒருபுறம் மட்டும் மாற்றினால் பிடிப்பு மீண்டும் வேறுபடும். குழாயில் புகுந்த காற்றையும் நீக்குதல் வேண்டும். காற்று எளிதில் அமுங்குவது. ஆதலின், அஃது இருப்பின் மிதியின் அழுத்தம் சக்கரத்தை முழுதும் சென்றடையாது.

எஞ்சிய குறைகள் நான்கு. ஆராயாத வினைஞர் கிளம்பாமைக்குப் புதிய பாட்டரியும், விளக்கு மங்குதற்கு வேறொரு டைனமோவும், நீர் கொதித்தற்குப் புதிய ரேடியேட்டரும் வேண்டும் என்பர். உரிமையாளரின் பொருள் அழியும். சில நாட்களில் புதிய பாட்டரியும் வலுவிழக்கும். ஆராயும் வினைஞரோ இம்மூன்றுக்கும் பொதுவாக யாதேனும் உண்டோ என எண்ணுவர். மின்சாரத்தை ஆக்கும் டைனமோவையும், நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்பையும், காற்றை ஈர்க்கும் விசிறியையும் சுழற்றுவது ஃபேன் பெல்ட் ஒன்றே. எஞ்சினை நிறுத்திய பின் அதனை விரலால் அழுத்தினால், ஏறத்தாழ அரை அங்குலமே அமுங்குதல் வேண்டும். மிகத் தளர்ந்திருப்பின் பெல்ட் வழுக்கும். டைனமோ போதிய அளவு சுழலாமையால் பாட்டரியில் மின்சாரம் ஏறாது. பம்பு சுழலாமையால் நீர் கொதிக்கும். பெல்ட் வெடித்திருந்தால் மாற்றியும், நன்றாயிருந்தால் இறுக்கியும், பாட்டரிக்கு மின்னேற்றினால் மூன்று குறைகளும் ஒருங்கே அகலும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் ஒருபோதும் உடனே திறத்தல் ஆகாது. நீராவி சீறியெழுந்து முகத்தைச் சுட்டுவிடும்.

பெல்ட்டை இறுக்கிய பின்னும் மேட்டில் வண்டி திணறி, ஓரளவு சூடும் ஏறுமாயின், அதற்கு வேறொரு முதல் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரினுள் இருக்கும் பாயிண்ட் விலகும்போதுதான் பிளக்கில் தீப்பொறி தோன்றும். அப்பாயிண்டின் இடைவெளி அங்குலத்தை 1000 கூறிட்டால் 15 கூறு அளவினது. நாளடைவில் அதன் குதிப்பகுதி தேய இடைவெளி குறுகும். தீப்பொறி காலந்தாழ்த்துத் தோன்றும். அதனால் வலிமை குன்றும், வெப்பம் மிகும். ஆகவே, நீர் கொதித்தல் என்னும் ஒரு குறைக்கு முதல் இரண்டு என்பது இப்போது விளங்கும். பாயிண்ட் கரிந்து குழிந்திருப்பின், கண்டென்சரையும் ஆராய்தல் வேண்டும். அது கெட்டிருந்தால் புதிய பாயிண்டும் விரைவில் கரிந்துவிடும்.

மூன்று குறைக்கு ஒரு முதல் இருத்தலும், ஒரு குறைக்கு இரு முதல் இருத்தலும் உண்டு. ஆதலின், ஒரு வேளையில் ஒன்றையே திருத்தி, வண்டியை ஓட்டிப் பார்த்து, அதன் பின்னரே அடுத்ததை நாடுதல் நன்று. பலவற்றை ஒருங்கே மாற்றுவோர், எது பழுதுற்றிருந்தது என்பதை அறியமாட்டார். குறை நீங்கினும் அவர்தம் அறிவு வளராது. நீங்காவிடின் மேலே செல்ல வழியும் தோன்றாது.

குறையைக் கேட்டவுடன் பொருளை மாற்றுதல் எளிது. அதன் முதலைத் தேடிக் காண்டல் அரிது. அரியதனைச் செய்யும் வினைஞரே பிறர் பொருளையும் உயிரையும் காப்பவர் ஆவர். பட்டறையில் பயன்படும் இம்முறை, வாழ்வில் நேரும் பிற சிக்கல்களுக்கும் பொருந்துவதேயாகும்.