வாடிக்கையாளரின் முகவரி யார் கையில்?

தேவாலயத்துக்குத் தபால் முகவரிச் சீட்டு அச்சடிக்க ஒரு புரோகிராம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவில் வசித்த ஒரு கணினி நிறுவன ஊழியர், வீட்டிலிருந்த கணினியில் அதைத் தானே எழுதினார். அலுவலகத் தோழர்கள் கேட்டார்கள், கொடுத்தார். தோழர்களின் தோழர்கள் கேட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தார். ஒவ்வொரு தடவை பிழை திருத்தியதும் எல்லோருக்கும் புது ஃபிளாப்பி அனுப்ப வேண்டியிருந்தது. தபால் செலவு கையைக் கடித்தது. 1982-ல் புரோகிராமுக்குள்ளேயே ஒரு வேண்டுகோளைச் செருகினார். பிடித்திருந்தால் 10 டாலர் அனுப்புங்கள், உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன், நண்பர்களுக்கும் தாராளமாக நகல் எடுத்துக் கொடுங்கள் என்பது அதன் சாரம்.

அதுதான் பிசி-ஃபைல். மறு வருடம் ஒரு கணினிப் பத்திரிகை அதைப் பாராட்டி எழுத, வீட்டுக்கு வந்த தபாலைப் பிரித்து மாளவில்லை. 1984-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கினார்.

அதே சியாட்டில் வட்டாரத்தில் பிறந்த பிசி-ரைட் என்ற புரோகிராமுக்கு இன்னும் சாமர்த்தியமான ஏற்பாடு. ஃபிளாப்பி 10 டாலர், முறையாகப் பதிவு செய்ய 75 டாலர். பதிவு செய்தவருக்கு ஒரு எண் தரப்படும். அவர் எடுத்துக் கொடுத்த நகலைப் பார்த்து இன்னொருவர் பதிவு செய்தால், முதலாமவருக்கு 25 டாலர் கமிஷன். விற்பனைப் பிரதிநிதி, விளம்பரம், கடை வாடகை எதுவும் கிடையாது.

இந்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 'நம்பிக்கையின் பேரில் நடந்த வியாபாரம்' என்று உருகுவார்கள். கவனிக்க வேண்டியது வேறு. காசோலை வந்த ஒவ்வொரு உறையிலும் அனுப்பியவரின் முகவரி இருந்தது. யார் வாங்கினார்கள், எந்த ஊர், அடுத்த பதிப்பை யாருக்கு அனுப்புவது என்பதெல்லாம் எழுதியவருக்கே தெரியும். விண்டோஸ் வந்து டாஸ் காலம் முடிந்தபோது அந்தத் தலைமுறைப் புரோகிராம்கள் பல ஓய்ந்துபோயின. தொழில்நுட்பம் மாறினால் அது நடக்கும். ஆனால் யாரும் வந்து அவர்களிடமிருந்து வாடிக்கையாளர் பட்டியலைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

இன்றைய தனியாள் மென்பொருள்காரருக்கு அந்தப் பட்டியலே கிடையாது.

2008 ஜூலையில் ஐபோனுக்கான ஆப் ஸ்டோர் திறந்தபோது கணக்கு எளிமையாக இருந்தது: விற்ற பணத்தில் 30 சதவீதம் கடைக்கு, 70 சதவீதம் எழுதியவருக்கு. வருட வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறியவர்களுக்கு 2021 முதல் அது 15 சதவீதமாகக் குறைந்தது. பதினைந்தா முப்பதா என்பதைப் பற்றித்தான் ஊரெல்லாம் சண்டை. அது இரண்டாம்பட்சம். வாங்கியவரின் பெயரோ மின்னஞ்சலோ எழுதியவருக்குத் தரப்படுவதில்லை என்பதுதான் பெரிய நஷ்டம். ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியவருக்கு அந்த விமர்சனத்தின் கீழே பொதுவில் பதில் சொல்லலாம். தனியாக ஒரு வரி எழுத வழியில்லை. கோபித்துக்கொண்டவருக்குப் பணத்தைத் திருப்பித் தர ஆசைப்பட்டாலும், அதையும் கடையிடம்தான் கேட்கச் சொல்ல வேண்டும்.

கடை இல்லாவிட்டால் ஹனோய் நகரத்து இளைஞர் ஒருவர் சில நாட்களில் எழுதி 2013-ல் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்ட் விளையாட்டு உலகம் முழுக்கப் போயிருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. போயிருக்காதுதான். விளம்பரத்தில் மட்டும் நாளொன்றுக்கு 50,000 டாலர் வந்தது. 2014 பிப்ரவரியில், தாங்க முடியவில்லை என்று அவரே அதை எடுத்துவிட்டார். ஏற்றமும் இறக்கமும் ஒரு வருடத்துக்குள்ளேயே முடிந்தன.

இறக்கம் அடுத்தவர் கையால் வந்த கதைகள்தான் அதிகம் உறுத்துகின்றன. பிரபலமான ஒரு விவாதத் தளத்தைப் படிக்க ஒருவர் உருவாக்கிய செயலி அப்போலோ. தளத்தின் சொந்தச் செயலியைவிட இதுவே மேல் என்று லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள். 2023 மே கடைசியில் தளம் புது விலைப்பட்டியலைச் சொன்னது. செயலி தளத்திடம் தகவல் கேட்கும் ஒவ்வொரு தடவைக்கும் இனிக் காசு. 5 கோடி தடவைக்கு 12,000 டாலர். அப்போலோ மாதத்துக்கு 700 கோடி தடவை கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டிப் பார்த்தால் வருடத்துக்கு 2 கோடி டாலர். ஒரு பயனாளருக்கு மாதம் சுமார் 2.50 டாலர் ஆகும். வருடச் சந்தா கட்டியிருந்தவர்களோ அதில் பாதிகூடத் தந்திருக்கவில்லை. விலையை ஏற்றலாம் என்றால், முன்கூட்டியே பணம் கட்டிய சுமார் 50,000 பேருக்கு மீதி மாதங்களைப் பழைய விலையில்தான் ஓட்டியாக வேண்டும். அவகாசம் ஒரு மாதம். ஜூன் 30-ம் தேதி செயலி மூடப்பட்டது.

மூடியதோடு தொல்லை தீரவில்லை. மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். கடை தானாகவே அதைக் கழித்துக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர், ஒரு தனி மனிதரின் கணக்கிலிருந்து. வாங்கியவர்களின் முகவரி கையில் இருந்திருந்தால் ஒரு கடிதம் போட்டு நிலைமையைச் சொல்லியிருக்கலாம். இல்லாததால், சாகப்போகும் செயலிக்குள்ளேயே 'எனக்குப் பணம் திரும்ப வேண்டாம்' என்று அழுத்த ஒரு பட்டனை வைத்தார். செயலியைத் திறந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே அது தெரியும்.

இந்தியாவில் விற்பவர்களுக்கு இதே பாடம் 2021 அக்டோபர் 1-ம் தேதி வேறு ரூபத்தில் வந்தது. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க, வாடிக்கையாளர் புதிதாக ஒப்புதல் பதிவு செய்ய வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்று விதி மாறியது. (மறு வருடம் அந்த வரம்பு 15,000 ஆனது.) ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சந்தாக்கள் திடீரென்று முறிந்தன. மின்னஞ்சல் பட்டியல் வைத்திருந்தவர்கள், 'ஐயா, இன்னொரு முறை கார்டைப் பதிவு செய்யுங்கள்' என்று எழுதிக் கொஞ்சம் பேரையாவது மீட்டிருக்கலாம். மற்றவர்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

 

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் இப்போது சொந்த இணையதளத்தில் விற்கப் பார்க்கிறார்கள். வரி, கார்டு, பணம் திரும்பக் கேட்கும் தகராறு எல்லாவற்றையும் நடுவில் ஓர் இடைத்தரகர் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். கமிஷன் கடையைவிடக் குறைவு, மின்னஞ்சல் முகவரியும் கிடைக்கும். கணினி மென்பொருளுக்கு இது நன்றாகவே நடக்கிறது. கைபேசியில் அவ்வளவு சுலபமில்லை.

ட்விட்டரைப் படிக்க ட்வீட்பாட் என்ற செயலியைச் செய்தவர்களைப் பார்த்தால் தெரியும். 2011 முதல் நடந்த செயலி, 2023 ஜனவரி 12-ம் தேதி இரவு ட்விட்டரிலிருந்து முன்னறிவிப்பில்லாமல் துண்டிக்கப்பட்டது. அதைத் தடை செய்யும் விதி, துண்டித்த பிறகுதான் ஒப்பந்தத்தில் ஏறியது. இரண்டு வாரத்துக்குள் அவர்கள் ஐவரி என்ற புதுச் செயலியைக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை நம்பியது மாஸ்டடான் என்ற சமூக வலைதளத்தை. அதற்கு ஒற்றை முதலாளி கிடையாது, ஆயிரக்கணக்கான சர்வர்களை ஆளுக்கொருவர் நடத்துகிறார்கள். யாரும் ஒரே இரவில் கதவைச் சாத்திவிட முடியாது. 2023-ல் வெளியானபோது ஐபோனில் ஐவரிக்கு வருடச் சந்தா 14.99 டாலர். வசூலிப்பது அதே ஆப் ஸ்டோர். சந்தா கட்டுகிறவரின் முகவரி இப்போதும் அங்கேதான் இருக்கிறது.