வடிகாலைத் திட்டத்தில் எழுத வைப்பது எப்படி?



நம்ம கூட்டங்களில் பஞ்சகவ்யம், மீன் அமிலம், மரபு விதை என்று எவ்வளவோ பேசுகிறோம். வடிகாலைப் பற்றிப் பேசுவது ரொம்பக் குறைவு. ஐப்பசியில் வயலில் தண்ணீர் நின்ற பிறகுதான் அந்த ஞாபகமே வருகிறது. அப்புறம் மனு எழுதுகிறோம், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நிற்கிறோம். தை பிறந்தால் மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 34 வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டுக் கடைமடைக்கு வந்து 3 ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறவன் நான். வடிகால் விஷயத்தில் பட்ட அடியையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் பயன்படும்.

எங்கள் ஊரில் நடந்தது

எங்கள் தெருவுக்குக் கிழக்கே புறம்போக்கில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. மூன்று வருடத்துக்கு முன்பு அதை மேம்படுத்தினார்கள். சுற்றுச்சுவர், ஊஞ்சல், சறுக்கு மரம், நடைபாதைக்குப் பேவர் பிளாக் எல்லாம் வந்தது. பிள்ளைகள் விளையாட இடம் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். நடைபாதை கிழக்கே ஒரு வடிகால் வாய்க்காலைத் தாண்டிப் போகிறது. அந்த இடத்தில் ஒரு அடி விட்டமுள்ள குழாய் ஒன்றைப் பதித்து, மேலே மண் கொட்டிக் கல் பாவிவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. தூயமல்லி நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. 11 நாள் தண்ணீர் வடியவே இல்லை. பயிர் அழுகிவிட்டது. அதைவிட எனக்கு வேதனை என்னவென்றால், தெருச் சாக்கடையும், மேல்மடையில் யூரியா போட்ட வயல்களின் தண்ணீரும் சேர்ந்து திரும்பி என் வயலுக்குள் வந்து நின்றன. பி.ஜி.எஸ். சான்றுக்காக எங்கள் குழுவினர் ஒருவர் வயலை ஒருவர் பார்ப்போம். அந்த வருடம் பார்க்க வந்த நண்பர் வரப்பில் நின்றுகொண்டு, "சார், வெளித் தண்ணி உள்ள வந்திருக்கே, என்னன்னு எழுதறது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் வடிகால் ஓடாவிட்டால் பக்கத்து வயல் ரசாயனம் நம்ம வயலுக்கு வரத்தான் செய்யும். இயற்கை விவசாயிக்கு வடிகாலும் ஒரு வேலிதான்.

மனு கொடுத்தோம். மூன்று அலுவலகம் சுற்றி வந்து, "இந்தப் பணி இந்த ஆண்டுத் திட்டத்தில் இல்லை" என்று பதில் வந்தது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. கடன் கேட்டு வந்தவர்களிடம் நானும் இப்படித்தான் பேசியிருக்கிறேன். திட்ட அறிக்கை இல்லாமல், அளவு இல்லாமல், மதிப்பீடு இல்லாமல் எந்த மேலாளரும் பணம் கொடுக்க மாட்டார். ஊராட்சிப் பணமும் அப்படித்தான். எழுதி, அளந்து, முன்கூட்டியே வைத்த வேலைக்குத்தான் அது போகும். வெள்ளம் வந்த பிறகு கொடுக்கும் மனுவுக்கு ஆறுதல் மட்டும்தான் கிடைக்கும்.

திட்டம் எப்போது எழுதப்படுகிறது?

ஒவ்வொரு கிராம ஊராட்சியும் ஆண்டுதோறும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஒன்று தயாரிக்க வேண்டும். அடுத்த ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான இந்தத் திட்ட வேலை பெரும்பாலும் அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கிராம சபை உண்டு.

பணத்துக்கும் நிறம் உண்டு. 2021 முதல் 2026 வரைக்குமான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி, துப்புரவு ஆகியவற்றுக்குத்தான் செலவு செய்யலாம் என்று விதி இருந்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவையைப் பார்த்துச் செலவு செய்ய முடிந்தது, சம்பளத்துக்கு மட்டும் கூடாது என்று இருந்தது. எந்த வேலை எந்தத் தலைப்பில் வரும் என்று தெரிந்துகொண்டு கேட்டால் "நிதி இல்லை" என்ற ஒரே வார்த்தையில் நம்மை அனுப்ப முடியாது.

யாருடைய வாய்க்கால்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஊருணி, குட்டை, தெரு வடிகால் ஊராட்சிக்கு. தவறான கதவைத் தட்டினால் ஒரு வருடம் போய்விடும்.

வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் அ-பதிவேடு பார்க்கலாம், புலப்படமும் எடுக்கலாம். அ-பதிவேட்டில் உங்கள் வாய்க்காலின் சர்வே எண்ணுக்கு நேரே வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா பாருங்கள். புலப்படத்தில் அதன் அகலம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். விளங்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

நாங்கள் அளந்த கதை

சித்திரையில் வாய்க்கால் காய்ந்து கிடந்தபோது ஆறு பேர் இறங்கினோம். நூறு நாள் வேலையில் அதே வாய்க்காலைப் பலமுறை தூர்வாரிய அக்கா ஒருவரும் வந்தார். எங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது. "பூங்கா வர்றதுக்கு முன்னாடி இந்த எடத்துல நான் இடுப்பளவு பள்ளத்துல நின்னு மண்ணு அள்ளியிருக்கேன் பேங்க்கு சார், இப்ப பாருங்க முழங்கால்கூட இல்ல" என்றார்.

கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல்தான் எங்கள் கருவி. ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். இரண்டு முனைகளையும் அளவு குறித்த இரண்டு குச்சிகளில் கட்டி, ஆளுக்கொரு குச்சியை வாய்க்கால் தரையில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குச்சிகளில் தெரியும் அளவின் வித்தியாசம்தான் தரையின் ஏற்ற இறக்கம். 50 அடிக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதினோம்.

இரண்டு விஷயம் வெளியே வந்தது. ஒன்று, குழாயின் அடிப்பாகம் வாய்க்கால் தரையைவிட 7 அங்குலம் மேலே இருந்தது. அதாவது, மழையே நின்றாலும் 7 அங்குலத் தண்ணீர் எங்கள் பக்கம் வடியாமலே நிற்கும். இரண்டாவது, குழாய் ரொம்பச் சிறிது. கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டுவது டெல்டாவுக்குப் புதிதில்லை. அப்படியென்றால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். இந்த வடிகாலை நம்பியிருப்பது 60 ஏக்கர், ஆக 2 கோடியே 40 லட்சம் லிட்டர்! அவ்வளவும் ஒரு அடிக் குழாய்க்குள் நுழைந்து போக வேண்டும். 2 அடிக் குழாயோடு ஒப்பிட்டால் ஒரு அடிக் குழாயின் வாய் பாதியில்லை, கால் பங்குதான். உரசலையும் சேர்த்தால், அதே சரிவில் அதன் வழியே ஓடும் தண்ணீர் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கம்தான் வரும்.

மூன்றாவதாக ஒன்றும் வெளியே வந்தது. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. புலப்படத்தில் உள்ள அகலத்தை வைத்து அளந்துகொண்டே வந்தபோது, என் வயல் வரப்பே 200 அடி நீளத்துக்கு 4 அடி வாய்க்காலுக்குள் இருந்தது. நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லலாம். சொன்னால் யார் கேட்பார்கள்? எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கணக்குப் போட்டால் 2 சென்ட்டுக்கும் குறைவு. அடுத்த வாரமே ஆள் வைத்து வரப்பை வெட்டி உள்ளே தள்ளிக் கட்டினேன். அதன் பிறகுதான் மற்ற நான்கு பேரிடம் பேசவே எனக்கு வாய் வந்தது. இரண்டு பேர் விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு பேர் இன்னும் விடவில்லை.

தீர்மானத்தை எப்படி எழுதுவது?

"வடிகாலைச் சரிசெய்ய வேண்டும்" என்று எழுதினால் அதற்கு மதிப்பீடு போட முடியாது. நாங்கள் எழுதிக் கொடுத்தது இப்படி: இன்ன சர்வே எண் வடிகாலில், பூங்காவின் கிழக்கு நடைபாதைக்குக் கீழ் உள்ள ஒரு அடிக் குழாயை அகற்றி, வாய்க்கால் தரைமட்டத்திலேயே 2 அடிக் குழாய் இரண்டு பதித்தல். அங்கிருந்து கீழ்ப்புறம் 420 மீட்டர் தூர்வாருதல். பயன்பெறும் நிலம் 60 ஏக்கர். கூடவே நோட்டில் எழுதிய மட்ட அளவும், புலப்பட நகலும், போட்டோவும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினோம். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை உண்டு என்பதை மறக்காதீர்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். கூட்டம் கலையும் முன் தீர்மானப் புத்தகத்தில் நம்ம வாசகம் அப்படியே ஏறியிருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்தை அதற்குப் பிறகு போடுங்கள். பிறகு 'இ-கிராம்ஸ்வராஜ்' இணையதளத்தில் ஊராட்சியின் திட்டத்தைத் திறந்து, அந்தப் பணி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பூங்காவும் வடிகாலும் ஒரே வேலை

அந்தச் சபையில் ஒரு தம்பி, "அப்ப பூங்காவ இடிக்கச் சொல்றீங்களா மாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இடிக்க வேண்டாம். பூங்காவின் ஒரு பகுதியைத் தாழ்த்தினால் போதும். அரை ஏக்கரில் ஒரு அடி ஆழம் தாழ்ந்தால் சுமார் 6 லட்சம் லிட்டர் நிற்கும். இது 60 ஏக்கர் வெள்ளத்துக்குப் பதில் ஆகாது. ஆனால் தெருவிலிருந்து ஓடிவரும் முதல் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். வருகிற வழியில் கல்வாழையும் நாணலும் இருந்தால் அழுக்கு கொஞ்சம் குறையும். ஈரம் தாங்கும் நீர்மருது, புங்கன், நாவல் வைத்தால் நிழலும் ஆச்சு. கோடையில் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டுத் திடல். இதை மழைநீர் சேகரிப்புத் தலைப்பிலும், குழாயைப் பொதுத் தலைப்பிலும் கேட்டோம்.

வேலை நடக்கும்போது

அனுமதி வந்ததும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மதிப்பீட்டு நகல் கேளுங்கள். குழாய் பதிக்கும் அன்று டியூப் லெவலோடு நில்லுங்கள், மேலே மண் மூடிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஜேசிபி தூர்வாரினால் மண்ணைக் கரையின் உள்விளிம்பில் கொட்டுவார்கள், முதல் மழையிலேயே அது திரும்ப உள்ளே வரும். தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். கரையில் வெட்டிவேர் நடுங்கள். ஓவர்சியர் எம்-புக்கில் எழுதும் நீளமும் ஆழமும் உங்கள் நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். நாங்கள் சண்டை போடவில்லை. நோட்டைக் காட்டினோம், அவரும் அதைப் பார்த்துத்தான் அளந்தார்.

இப்போது என்ன நிலைமை? குழாய் மாறிவிட்டது. 420 மீட்டரில் 260 மீட்டர்தான் தூர்வாரினார்கள். பூங்காவில் பள்ளம் இன்னும் எடுக்கவில்லை. ஆனாலும் போன ஐப்பசி மழையில் என் வயலில் தண்ணீர் மூன்றாம் நாள் வடிந்தது. கீழ்ப்புறத்துக்காரர்கள் இருவருக்கு ஆறு நாள் நின்றது. மீதி 160 மீட்டரும் பூங்காப் பள்ளமும் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம். வரப்பை விடாத இருவரில் ஒருவர், தன் வயலுக்கும் ஒருமுறை டியூப் லெவல் பிடித்துக் காட்டச் சொல்லி வந்தார். வரும் சித்திரையில் போகிறோம்.

உங்கள் ஊரில் சித்திரையில் வாய்க்கால் காய்ந்திருக்கும்போதே ஒரு நாள் ஒதுக்கி நடந்துவிடுங்கள். ஒரு நோட்டு, ஒரு டியூப், புலப்பட நகல், விவரம் தெரிந்த நாலு பேர் போதும். ஆகஸ்ட் 15 சபையில் பேச்சை ஆரம்பியுங்கள், அக்டோபர் 2 சபையில் எழுத வையுங்கள்.