வெயிலில் காயும் தண்ணீர் கேன்கள்

சேலம், நாமக்கல் பகுதிகளில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. சில ஊர்களில் புளோரைடும் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. எனவே குழந்தைகளின் நலனை எண்ணி, காசு கொடுத்து 20 லிட்டர் கேன் வாங்குகிறோம். அந்தக் கேன் நம் வீடு வந்து சேரும் வழியை நாம் கவனித்ததுண்டா? கூரையில்லாத வண்டியில் அடுக்கப்பட்டு, கடை வாசலில் இறக்கப்பட்டு, சித்திரை வெயிலில் காய்ந்த பிறகே நம் சமையலறைக்குள் வருகிறது.

பிளாஸ்டிக்கும் தண்ணீரும் ஒட்டாமல் இருப்பவை அல்ல. சிறிய பாட்டில்கள் 'பெட்' எனும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதைத் தயாரிக்கும்போது பெரும்பாலும் ஆண்டிமனி என்ற தனிமத்தின் சேர்மத்தைப் பயன்படுத்துகிறார்கள். பெரிய கேன்களில் பல பாலிகார்பனேட்டால் ஆனவை. அதன் மூலப்பொருள் பிஸ்பீனால்-ஏ. இது உடலில் ஹார்மோனைப்போல் செயல்படக்கூடியது. இவை சிறிது சிறிதாகத் தண்ணீரில் கசிகின்றன. வெப்பம் கூடினாலும், நாள் கூடினாலும் கசிவும் கூடும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. அந்நாட்டில் குடிநீரில் ஆண்டிமனிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். பெட் பாட்டில் நீர் அந்த அளவைத் தாண்ட 60 டிகிரி வெப்பத்தில் 176 நாட்கள் ஆகும். 70 டிகிரியில் 12 நாட்களே போதும் என்று அது கண்டது. அப்படியானால் நம் ஊர் 40 டிகிரி வெயிலில் ஓரிரு நாள் இருந்த பாட்டிலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மாதக்கணக்கில் வெயிலில் கிடப்பதும், பூட்டிய காருக்குள் வேகுவதும் நல்லதல்ல.

பிஸ்பீனால்-ஏ பற்றிய கவலை இதைவிடப் பெரிது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதன் பாதுகாப்பான அளவை முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. உணவுடன் தொடர்புள்ள பொருள்களில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டுத் தர விதிகள் குழந்தைகளின் பால்புட்டியில் அதற்கு இடம் தரவில்லை. புட்டியில் வேண்டாம் என்று விலக்கியதை, அந்தக் குழந்தை வளர்ந்தபின் கேனில் ஏற்கலாமா?

நாம் செய்யக்கூடியவை எளியவை. கேனின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பார்ப்போம்: 1 என்றால் பெட், பாலிகார்பனேட் 7 என்ற எண்ணின்கீழ் வரும். நீர் நிரப்பிய தேதியைக் கேட்போம். கீறலும் மங்கலும் விழுந்த பழைய கேனைத் திருப்பி அனுப்புவோம். வந்தவுடன் மண்பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ ஊற்றி வைப்போம். பாட்டிலில் கொதிநீர் ஊற்ற வேண்டாம். காவிரிக் குழாய்நீர் கிடைக்கும் ஊர்களில் அதைக் காய்ச்சி ஆறவைத்துக் குடிப்பதே மேல்.

கேன் இறக்கும் தம்பியைக் கடிந்து பயனில்லை. கடை வாசலில் ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போடச் சொல்வோம். நல்ல குழாய்நீரை ஊராட்சியிடமும் நகராட்சியிடமும் கேட்டுப் பெறுவோம். கேன் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் அந்த நீர்தான் போய்ச் சேரும்.