கழுகுக் கூட்டைச் சுற்றி ஓர் ஊர்

மாலை ஆறரை மணி. நம் இல்லங்களில் விளக்கேற்றும் வேளை. மார்ச் மாத நடுப்பகுதியில் அதே வேளை, பூமிப் பந்தின் மறுபுறத்தில், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காலை ஆறு மணியாகும். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அம்மாநிலத்து மலைக் காடொன்றிலே, நெடிய பைன் மரத்தின் முடியில் அமைந்த கூட்டினுள் ஒரு கழுகு கண்விழிக்குமுன்னரே, அக்கூட்டைச் சுற்றி ஓர் ஊர் விழித்துக் காத்திருந்தது.

ஊர் என்று நாம் கூறுவது வீதியும் வேலியும் கொண்ட ஊரையன்று. அவ்வூரார் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டறியார். ஒருவர் பனி கொட்டும் வடநாட்டில் இருப்பார். இன்னொருவர் வெயில் கொளுத்தும் தென்னாட்டில் இருப்பார். கூட்டருகே பொருத்தப்பட்ட கமரா காட்டும் காட்சியை இணையத்தின் வழியாக இரவும் பகலும் கண்டுகொண்டு, அதன் பக்கத்திலேயே தமக்குள் எழுத்தால் உரையாடிக்கொள்வது ஒன்றே அவர்களுக்கிடையே உள்ள உறவு. இவ்வுறவு எத்தகையது, அதனால் ஆவது யாது என்பதைச் சிறிது நோக்குவோம்.

கூடும் குடும்பமும்

கலிபோர்னியாவின் சான் பெர்னாடினோ மலைகளில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,700 அடி உயரத்தில், பிக் பெயார் என்னும் ஏரி உண்டு. பெருங்கரடி ஏரி என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். அதனை அடுத்த காட்டில், நிலத்திலிருந்து சுமார் 145 அடி உயரத்தில் இக்கூடு அமைந்துள்ளது. அப்பள்ளத்தாக்கின் இயற்கைச் செல்வத்தைப் பேணும் சங்கமொன்று 2015ஆம் ஆண்டில் கூட்டருகே கமராவை நிறுவியது. சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்தால் இயங்கும் அக்கமரா, கழுகின் கண்ணுக்குப் புலப்படாத ஒளியின் துணைகொண்டு இரவிலும் கூட்டைக் காட்டும்.

இக்கூட்டுக்கு உரியவை வெண்தலைக் கழுகுகள். இவ்வினத்தை ஆங்கிலேயர் மொட்டைக் கழுகு என்பர். உண்மையில் அது மொட்டையன்று. ஐந்து வயதளவில் தலையிலும் வாலிலும் தூய வெண்ணிற இறகுகள் முளைத்துவிடும். பேடைக்கு ஜாக்கி என்றும், ஆணுக்கு நிழல் எனப் பொருள்படும் ஷாடோ என்றும் பெயர். 2018ஆம் ஆண்டில் ஷாடோ வந்து சேர்ந்தது. ஜாக்கியின் முன்னைத் துணை விலகிப் போயிற்று. கழுகுகளில் ஆணைவிடப் பேடையே உருவிற் பெரியது. ஆயினும், அடைகாப்பதிலும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதிலும் இரண்டும் பங்குகொள்ளும். முட்டையை விட்டெழ மனமில்லாத ஒன்றை மற்றொன்று மெல்ல நெருக்கி எழுப்பும் காட்சியைக் கண்டு முறுவலிக்காதார் இல்லை.

என்னதான் பேசுகிறார்கள்?

பறவை பார்ப்போரின் பேச்செல்லாம் பறவையைப் பற்றியதாகவே இருக்கும் என நாம் எண்ணுவோம். அவ்வாறன்று. முதலிற் காலை வணக்கம். அதன்பின் அவரவர் ஊர்ச் சீதோஷ்ணம். ஒருவர் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து அமர்ந்ததாகக் கூறுவார். ஒருவர் பின்னல் வேலையைக் கையிலே வைத்துக்கொண்டு பார்ப்பார். இராக் கடமை முடிந்து வீடு திரும்பிய தாதி ஒருவர், தாம் உறங்குமுன் கழுகு நலமா என்று வினவுவார். முதல் நாள் முதுகு வலி என்றவரை மறுநாள் மறவாது விசாரிப்பார்கள்.

இடையிடையே கூட்டுச் செய்தி வரும். இத்தனை மணிக்கு ஷாடோ மீன் கொணர்ந்தது. மீன் பெரிதா சிறிதா என்பதில் ஒரு வழக்கு. இத்தனை மணிக்கு ஒரு நெடிய குச்சி வந்தது. அதனை எங்கே வைப்பது என்பதில் கழுகுத் தம்பதிகளிடையே ஒரு பிணக்கு. ஷாடோ வைத்த குச்சியை ஜாக்கி இழுத்து வேறிடத்தில் வைக்கும். ஜாக்கி அகன்றதும் ஷாடோ அதனைப் பழைய இடத்துக்கே நகர்த்தும். தங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எழுதாத இல்லத்தரசி இல்லை எனலாம். இரவிலே பறக்கும் அணில் ஒன்று கூட்டினடியில் வந்து போகும். அதற்கும் ஒரு பெயரிட்டு, அது வராத இரவில் கவலைப்படுவோரும் உளர்.

புதியவர்கள் வந்து கேட்கும் வினாக்கள் நாள்தோறும் ஒன்றேயாம். எது பேடை? எத்தனை முட்டை? எப்போது பொரிக்கும்? நூறாம் முறை கேட்கப்படினும், அன்றுதான் முதன்முறை கேட்டாற்போல் பழையவர்கள் விடை கூறுவர். இப்பொறுமையை நாம் பல பெரிய சபைகளிலும் கண்டதில்லை.

பொரியாத முட்டைகள்

இத்தகைய சிறு பேச்சுக்களுக்கு என்ன பெறுமதி என்று கேட்போர்க்கு 2024ஆம் ஆண்டு விடை கூறியது.

அவ்வாண்டு ஜனவரி மாத இறுதியில் ஜாக்கி மூன்று முட்டைகளை இட்டது. பெப்ரவரியிற் கடும் பனிப்புயல் வீசியது. முதுகின்மேற் பனி குவியக் குவிய, அறுபது மணித்தியாலங்களுக்கும் மேலாக இடத்தைவிட்டுப் பெயராது ஜாக்கி முட்டைகளைக் காத்தது. அடைகாக்கும் கழுகின் வயிற்றில் ஓரிடத்தே இறகுகள் விலகி வெறுந்தோல் வெளிப்பட்டிருக்கும். அத்தோலின் சூட்டிலேதான் முட்டையினுள்ளே உயிர் வளர்கிறது. அச்சூடு நெடுநேரம் நீங்கினால் உயிரும் நீங்கும். ஆதலால் ஜாக்கி எழவில்லை. பார்த்திருந்தோரிற் பலரும் எழவில்லை.

அம்மலைக் கூட்டிலே முட்டை பொரிக்க ஏறக்குறைய 38 முதல் 40 நாட்கள் செல்லும். மார்ச் மாத முற்பகுதி வந்தது. ஓட்டில் ஒரு கீறல் தோன்றுகிறதா என ஆயிரமாயிரம் கண்கள் உற்றுநோக்கின. நாற்பது நாள் கழிந்தது, ஐம்பதும் கழிந்தது. கழுகுகளுக்கு நாளெண்ணத் தெரியாது; அவை முறைவைத்து அமர்ந்துகொண்டே இருந்தன. நாளெண்ணத் தெரிந்த மனிதரோ, இனி இல்லை என்னும் சொல்லை முதலிற் சொல்பவர் தாமாகிவிடலாகாது என்று அஞ்சினர். சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசினர். குச்சிகளைப் பற்றிப் பேசினர். ஒருவரையொருவர் உண்டீர்களா, உறங்கினீர்களா என்று கேட்டனர். ஏப்ரலில் அண்டங்காக்கைகள் முட்டைகளைக் கொத்தின. அன்றும் கூட்டம் கலையவில்லை.

ஏன் ஒருவரும் ஏறவில்லை?

2025ஆம் ஆண்டு மீண்டும் மூன்று முட்டைகள். ஜனவரி 22, 25, 28ஆம் திகதிகளில் அவை இடப்பட்டன. மார்ச் 3, 4, 8ஆம் திகதிகளில் மூன்றும் பொரித்தன. சாம்பல் நிறத் தூவியும் நிமிர்த்த இயலாத தலையுமாய் மூன்று குஞ்சுகள்! அவ்வாரத்து மகிழ்ச்சியை விவரிக்கத் தேவையில்லை. முதற்பேரன் பிறந்த வீட்டை நினைத்துக்கொண்டாற் போதும்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மார்ச் 13ஆம் திகதி பனிப்புயல் வந்தது. மூத்த குஞ்சுக்கு வயது பத்து நாள். இளையதற்கு ஐந்து நாள். அவ்வயதிற் குஞ்சுகளுக்குத் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. ஜாக்கி மூன்றின்மேலும் படுத்துக் காற்றையும் பனியையும் தன் முதுகில் ஏற்றது. மறுநாட் காலையில் இரை ஊட்ட எழுந்தபோது இரண்டு தலைகளே மேலெழுந்தன.

அவ்விரவிலும் மறுநாளிலும் உரையாடலில் ஒரே வினா மீண்டும் மீண்டும் எழுந்தது. கமரா வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு குடை பிடிக்கத் தெரியாதா? ஏன் ஒருவரும் ஏறிச்சென்று காப்பாற்றவில்லை? வினவியவர்கள் கோபத்தாலன்று, தாங்கமாட்டாமையால் வினவினர்.

பழையவர்கள் சினவாது விளக்கினர். 1940ஆம் ஆண்டிலிருந்தே இக்கழுகுகளைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் உண்டு. கூட்டில் இருக்கும் கழுகைக் குலைப்பதும் குற்றமாம். அன்றியும், புயலில் 145 அடி ஏறி ஒரு மனிதன் தலைநீட்டினால் தாய் அஞ்சிப் பறந்துவிடும். ஒன்றைக் காக்கப்போய் மூன்றையும் பனிக்குக் கொடுக்க நேரும்.

அப்படியாயின் மனிதர் எக்காலத்தும் கைகொடுக்கலாகாதா? அப்படியுமன்று. 2011ஆம் ஆண்டு ஏப்ரலில், வேர்ஜீனியா மாநிலத்து நோர்போக் நகரில், இவ்வாறே பல்லாயிரவர் கண்டுவந்த கூடொன்றின் தாய்க்கழுகு விமானத்தில் மோதி இறந்தது. தந்தைக்கழுகு தனித்து மூன்று குஞ்சுகளுக்கும் வேண்டிய இரையைக் கொணர்தல் அரிதென அறிந்தோர் கருதினர். உரிய அனுமதியுடன் குஞ்சுகள் மூன்றும் இறக்கப்பட்டு, அம்மாநிலத்து வனவிலங்கு வைத்தியசாலையில் வளர்க்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டன. மனிதனால் நேர்ந்த கேட்டை மனிதன் திருத்த முன்வந்தான். பனியும் காற்றும் மனிதன் செய்தவையல்ல. இவ்வேறுபாட்டை அறிவு ஏற்கும். உள்ளம் உடனே ஏற்பதில்லை. அறிவு சொன்னதை உள்ளம் ஏற்கும்வரை பக்கத்திலிருந்து பேசிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரே அவ்வூரார்.

விலகி நின்றதன் பயன்

விலகி நிற்பதும் ஒரு தொண்டு என்பதற்கு இவ்வினத்தின் வரலாறே சான்று. 1963ஆம் ஆண்டில், அலஸ்காவும் ஹவாயும் நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் இக்கழுகுகளில் 417 இணைகளே கூடு கட்டியிருக்கக் காணப்பட்டன. டீ.டீ.ரீ. என்னும் பூச்சிகொல்லி நீரிற் கலந்து மீனுட் புகுந்து, மீன்வழியாகக் கழுகின் உடலைச் சேர்ந்தது. முட்டையின் ஓடு மெலிந்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரத்தாலேயே முட்டை நொறுங்கியது. 1962ஆம் ஆண்டில் றேச்சல் கார்சன் அம்மையார் எழுதிய ‘மௌன வசந்தம்’ என்ற நூல் இந்நஞ்சின் கேட்டை உலகறியச் செய்தது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்கா அதன் பாவனையைத் தடைசெய்தது. 2007ஆம் ஆண்டில் இவ்வினம் அழியும் அபாயமுள்ளவற்றின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கின்படி, அதே மாநிலங்களில் கூடுகட்டும் இணைகள் 71,400 எனக் கணிக்கப்பட்டன. மனிதர் பிடித்து வளர்த்து விடுவித்த குஞ்சுகளும் இதில் ஒரு பங்காற்றின. ஆயினும், நஞ்சையும் துப்பாக்கியையும் விலக்கிக்கொண்டமையே பெரும் பங்காயிற்று.

பெருங்கரடி ஏரிக் கூட்டில் எஞ்சிய குஞ்சுகள் இரண்டும் வளர்ந்தன. உலகெங்கணுமிருந்து பெயர்கள் வந்து குவிந்தன; அவற்றிலிருந்து அவ்வூர்ப் பாடசாலைச் சிறார்கள் சன்னி, கிஸ்மோ என்னும் பெயர்களைத் தெரிந்தெடுத்தனர். இறந்த குஞ்சையும் மறந்தாரில்லை. மறைந்துபோன தொண்டர் ஒருவரின் நினைவாக அதற்கு மிஸ்ரி என்று பெயர் சூட்டினர். ஜூன் மாத முதல் வாரத்தில் சன்னி முதலிலும் கிஸ்மோ பின்னரும் கிளையைவிட்டு வானில் எழுந்தன.

நம்மூரில் துக்க வீட்டுக்குச் செல்பவர்கள் அங்கே போய் என்ன செய்கிறார்கள்? போன உயிரை மீட்பவர் எவருமில்லை. திண்ணையில் அமர்வர்; மழை பெய்ததா, வண்டி கிடைத்ததா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று ஏதேதோ பேசுவர். அப்பேச்சில் பொருளொன்றும் இல்லை. ஆயினும் அவர்கள் வாராதிருந்தால் அவ்வீட்டார் அந்நாளைக் கடத்தியிரார். கழுகுக் கூட்டைச் சுற்றி அமர்ந்த அவ்வூராரும் வேறெதையும் செய்யவில்லை.

குஞ்சுகள் பறந்தபின் வெறுங்கூட்டையே கமரா காட்டிக்கொண்டிருந்தது. சில குச்சிகள், சில மீன் முட்கள், காற்றில் அசையும் ஓர் இறகு. பார்க்க ஒன்றுமில்லாத அக்காலையிலும் ஒருவர் வந்து வணக்கம் கூறினார். முதுகு வலி இப்போது எப்படி என்று மற்றொருவர் கேட்டார்.