உஷார்! தெரிந்த ஊர்தானே என்று பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்

கோடை விடுமுறைக்குச் சென்னை, பெங்களூரு, திருப்பூரிலிருந்து பிள்ளைகளோடு ஊர் திரும்பும் டி. கல்லுப்பட்டிக்காரர்களே, பெட்டி கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஊட்டிக்கோ கோவாவுக்கோ போவதென்றால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மதுரைக்கும் கல்லுப்பட்டிக்கும் என்றால் எதையும் கேட்பதில்லை. "நாம பொறந்து வளர்ந்த ஊருதானே" என்று பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகளைத் தனியே அனுப்பிவிடுகிறோம். உங்களுக்குத் தெரிந்தது இருபது வருஷத்துக்கு முந்தைய ஊர். பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது.

எனக்குப் பெரிய பயம் கண்மாய்தான். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் மூழ்கிய செய்தி இல்லாமல் தென்மாவட்டங்களில் ஒரு கோடை கழிவதில்லை. "ஒங்க அப்பன் இதுலதான்யா நீச்சப் பழகுனான்" என்று அப்பத்தா பெருமையாகச் சொல்வார். அப்பன் பழகிய கண்மாய் கரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கும். சவுடும் வண்டலும் ஜேசிபி வைத்து அள்ளிய கண்மாய்களில் அந்தச் சரிவு இல்லை. கணுக்கால் தண்ணீரில் நிற்கும் பையன் அடுத்த எட்டில் ஆளை முழுங்கும் பள்ளத்துக்குள் இருப்பான். கலங்கல் தண்ணீரில் பள்ளம் தெரியாது. கரிசல் சேறு காலைப் பிடிக்கும், உள்ளே கிடக்கும் சீமைக்கருவேல முள் துணியை இழுக்கும். நீச்சல் வகுப்புக்குப் போனவன்தானே என்று நம்பாதீர்கள். அவன் பழகியது அடி தெரியும் தண்ணீரில். தோட்டத்துக் கிணறுகளிலும் இதே ஆபத்துதான். படி இடிந்து, நீர்மட்டம் இறங்கிய கிணற்றுக்குள் குதித்துவிடலாம், ஏற வழியிருக்காது.

ஒருவன் தத்தளிக்கும்போது காப்பாற்றக் குதிக்கும் அண்ணனும் சேர்ந்து போவதுதான் தாங்க முடியாதது. குதிக்காதே, எதையாவது எறி என்று இப்போதே சொல்லிவையுங்கள். கயிறு, வேட்டி, மூடியிட்ட காலி பிளாஸ்டிக் கேன், எது கையில் கிடைத்தாலும் சரி. மீட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மூச்சில்லாதவருக்கு உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும். அதேநேரம் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்து சித்தப்பா வீட்டு பைக். "டீக்கடை வரைக்கும்தான்" என்று சாவி கைமாறும். கல்லுப்பட்டி வழியே போவது திருமங்கலம் – ராஜபாளையம் சாலை, லாரியும் தென்காசி பஸ்ஸும் பறக்கிற சாலை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சித்தப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மதுரைக்குக் கிளம்பும் நாளில் வேறு சிக்கல். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவின்படி மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் தடை. கூட்டத்தில் பிரிந்தால் அழைக்க முடியாது. அப்பா எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். 'கோபுர வாசலில் நில்' என்றால் போதாது, நான்கு பக்கமும் கோபுரம். செருப்பையும் போனையும் ஒப்படைத்த வாசலின் பெயரைச் சொல்லி அங்கே நிற்கச் சொல்லுங்கள். வாசல் மாறி வெளியே வந்தால் மே மாத வெயிலில் வெறுங்காலோடு சித்திரை வீதி சுற்ற வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்குப் பிறகு நான்கு மணி வரை நடை சாத்தியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் வளர்ந்த பிள்ளைகளைத் தனியாக விடவே கூடாது. 2022 ஏப்ரல் 16 அன்று, கொரோனாவால் இரண்டு வருஷம் நின்றிருந்த வைபவத்துக்கு ஊரே திரண்டபோது, நெரிசலில் இருவர் இறந்தார்கள். ரீல்ஸ் எடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னே முண்டும் பையனுக்குப் பின்னாலிருந்து வரும் தள்ளு தெரியாது. கூட்டத்தின் ஓரத்தில், வெளியேறும் வழி தெரிகிற இடத்தில் நில்லுங்கள். சாமி சிறியதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

திரும்பும்போது மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் முன், டி. கல்லுப்பட்டியில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். வெறும் 'கல்லுப்பட்டி' என்று மேப்பில் தேடும் பிள்ளை, எழுமலைப் பக்கத்து எம். கல்லுப்பட்டிக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இன்றைக்கு ராத்திரியே ஊருக்கு ஒரு போன் போடுங்கள். எந்தக் கண்மாயில் மண் அள்ளினார்கள், எந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை, பைக் சாவி எங்கே தொங்குகிறது என்று கேளுங்கள். ஸ்பீக்கரில் போட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.