பிள்ளையின் மனநலம்: கல்குடாவில் யாரைக் கேட்பது?

மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்குடாப் பக்கத்தில் ஒரு பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்து, இரவில் அலறி எழும்பி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால், அதை முதலில் கண்டுபிடிப்பது வைத்தியர் அல்ல, அம்மம்மா. "பயந்திட்டான்" என்பார். கோயிலில் நூல் கட்டுவார், இல்லையென்றால் பார்வை பார்ப்பவரிடம் கூட்டிப்போவார். முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியில் என்றால் ஓதிப் பார்ப்பார்கள். பிள்ளை வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு வந்து சேருமுன், குடும்பம் கூடிப் பல முடிவுகளை எடுத்து முடித்திருக்கும். அந்தக் குடும்பத்தை வெளியே வாங்கில் இருத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டால், பாதிக் கதைதான் கையில் கிடைக்கும்.

இந்தப் பாடத்தை இக்கரை ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைகளுக்கு உதவி அமைப்புகள் வரிசைகட்டி வந்தன. வந்தவர்களில் பலருக்கு நம் பாஷையும் தெரியாது, ஊர் வழமையும் தெரியாது. படம் கீறக் கொடுத்தார்கள், படிவம் நிரப்பினார்கள், போனார்கள். மட்டக்களப்பில் இவர்களை ஒருங்கிணைக்க எழுந்ததுதான் 'மங்ரோவ்' வலையமைப்பு. அந்தப் பணியில் முன்னின்ற ஆனந்த கலப்பத்திக்கு 2008இல் ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அனர்த்தகால உளசமூகப் பணிக்கான சர்வதேச வழிகாட்டல் வெளிவந்தது. சிறப்பு வைத்தியம் வேண்டியவர்கள் சிலர்தான், பெரும்பாலானோரைத் தாங்குவது குடும்பமும் ஊரும் என்பதே அதன் சாரம். அம்மம்மாவுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

ஊரைக் கேட்டுப் பணிசெய்வதற்குச் சுனாமிக்கு முன்னரே மட்டக்களப்பில் நல்ல முன்மாதிரிகள் இருந்தன. 2004 மார்ச்சில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலப்பத்தியுடன் சேர்ந்து கிழக்கிலங்கைக் கிராமங்களில் செய்த ஆய்வின் அறிக்கை வந்தது. உளசமூகத் திட்டங்களால் பிள்ளைகளுக்கு உண்மையில் பலன் கிடைக்கிறதா என்று அளப்பது எப்படி என்பதுதான் கேள்வி. வெளியூர் அளவுகோல் எதையும் அவர்கள் தூக்கிக்கொண்டு வரவில்லை. உனக்குத் தெரிந்த, நன்றாக இருக்கிற ஒரு பிள்ளையை நினைத்துக்கொள், அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று சிறுவர்களிடமே கேட்டார்கள். அளவுகோல் அந்தப் பதில்களிலிருந்து பிறந்தது. இன்றும் ஒரு பாடசாலையில் அரை மணித்தியாலத்தில் செய்துபார்க்கக்கூடிய காரியம் இது. செலவு ஒரு கட்டுத் தாள்.

மட்டக்களப்பு நகரில் 1996இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவும் இதே தடத்தில் போனது. தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம் என்று நாள் கழிந்தது. கூட நின்றவர்கள் உள்ளூர் இளைஞர்கள்.

கேட்காமல் எடுத்த முடிவுகளும் உண்டு. 2013இல் அரசு கொண்டுவந்த 'குடும்பப் பின்னணி அறிக்கை' நடைமுறை, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போவதை மறித்தது. பொருளாதாரம் நொறுங்கிய 2022இல் அந்த எல்லை 2 வயதாக இறங்கியது. தாய் போனபின் பிள்ளையை யார் பார்ப்பார் என்று படிவம் கேட்டது. பார்ப்பவருக்கு என்ன துணை வேண்டும் என்று கேட்கத்தான் ஆளில்லை. தாய்வழி உறவு வலுவான மட்டக்களப்பில் அந்தப் பாரம் யார் தலையில் விழும் என்பது எவருக்கும் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. குடும்பத்தைக் கேள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதல்ல. தகப்பனின் குடியோ, அடியோ, அதைவிடக் கொடியதோ வீட்டுக்குள்ளேயே நடந்தால், பிள்ளையைத் தனியாகத்தான் கேட்கவேண்டும். ஊர்வாய்க்குப் போகாமல் காக்கவும் வேண்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றிய விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உள்ள உரிமையைத்தான் பேசுகிறது.

நடைமுறைக்கு வருவோம். பெற்றோர் கூட்டத்தைக் கிழமை நாளில் காலை 10 மணிக்கு வைத்தால், இரவுக் கடலுக்குப் போய் வந்த தகப்பன் நித்திரையில் இருப்பார், தாய் கூலிவேலையில் நிற்பார். பிறகு "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று குறிப்பு எழுதப்படும். கூட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்றி, அம்மம்மாவையும் அழைத்து, மாதர் சங்கத்திலிருந்தும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்தும் ஒருவரை இருத்திப் பாருங்கள். பேச்சே வேறாக இருக்கும்.

கல்குடா கல்வி வலயத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கட்டடம், தண்ணீர்த் தாங்கியோடு பிள்ளைகளின் மனநலத்தையும் பேச்சுக்கு எடுங்கள். நம் பிள்ளைகளுக்கான ஆலோசனைச் சேவை எந்த நாளில், எங்கே, யாரால் நடக்கவேண்டும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு: தேசிய மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.